போத்து வீடு

பிள்ளை வருவதற்கு முன்னால் பிள்ளைக்கென்று எதையும் வாங்கக் கூடாது என்பதில் செல்வசிங் பிடிவாதமாக இருந்தார். காரணம் இருந்தது. ஜெபராணி முதல் முறை உண்டானபோது அவர் ஓமனில், சோஹார் கடைத்தெருவில் ஒரு மரத்தொட்டில் வாங்கிவந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. தொட்டிலை ஆலயத்தில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. பல வருஷம் கழித்து, ஊரில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் பதிவு செய்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. காத்திருந்தார்கள்.

அதனால் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, "வாதி ஆத்துக்குப் போயி கொஞ்சம் கம்பு வெட்டிட்டு வரணும், வண்டியில கயிறு கெடக்கா?" என்று ஜெபராணி கேட்டபோது அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"கம்பு என்னத்துக்கு?"

அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவளோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்த ரெஷ்மா இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அவள் மகன் போகும் பாலர் பள்ளியின் தோட்டம் அது. வில்லோ மரத்தின் நீளக் கம்புகளை வட்டமாக மண்ணில் ஊன்றி, நுனிகளை வளைத்து மேலே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முருங்கைப் போத்து நட்டால் துளிர்ப்பதுபோல அந்தக் கம்புகளும் வேர்விட்டுத் தழைத்து, சுவரும் கூரையும் இலையாகவே ஆகியிருந்தன. உள்ளே இரண்டு பிள்ளைகள் குனிந்து எதையோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு போட்டோகூட வரல. அதுக்குள்ள வீடா?"

"வீடு இல்ல. செடி. செடி வைக்கதுக்கு ஆரும் பயப்படாண்டாம்."

"அயர்லாந்து மழையில வளருத மரம் இங்க எப்படி வளரும்?"

அதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் ஹமூத் பக்கத்து வளவில்தான் குடியிருந்தார். அவரிடம் படத்தைக் காட்டியதும், "சஃப்சாஃப்" என்று அதன் அரபிப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மலைப்பக்கம் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் வாதிகளில் அந்த மரத்தின் ஒரு இனம் உண்டாம். அவருடைய தம்பியின் பேரீச்சந்தோட்டத்துக்குக் கீழே நிறைய நிற்கிறதாம். வீட்டுத் தோட்டத்தில் நடுவதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டார். "மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினை இல்லை. கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வேர் தண்ணீரைத் தேடிப் போகும்" என்று இந்தியில் எச்சரித்தார்.

செல்வசிங் மறுக்க முடியாமல் வண்டியை எடுத்தார். வாதியில் கூழாங்கற்களுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற மரங்கள் படத்தில் இருந்ததைப்போல நேர்த்தியாக இல்லை. வெள்ளம் அடித்துச் சாய்த்து, சாய்ந்த இடத்திலிருந்தே மறுபடி கிளைவிட்டவை. ஹமூதின் தம்பி அரிவாளால் கம்புகளை வெட்டித் தர, ஜெபராணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று இலைகளை உருவினாள். அவள் அவ்வளவு உற்சாகமாக நின்று செல்வசிங் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கம்புகளைக் குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டார்கள். மறுநாள் மாலை டூட்டி முடிந்து வந்து, கடப்பாரையால் முழ ஆழத்துக்குக் குழி போட்டார் செல்வசிங். அவள் ஒவ்வொரு கம்பாக இறக்கி மண்ணை மிதித்து இறுக்கினாள். நேர்க்கம்புகளுக்கு நடுவே சரிவாக வேறு கம்புகளை ஊன்றிப் பாய் முடைவதுபோலப் பின்னினாள். மேலே நுனிகளைச் சேர்த்துக் கட்டப் பழைய சைக்கிள் ட்யூபை வார்வாராக வெட்டிக் கொடுத்தது அவர்தான். அடிமண் காயாமலிருக்கப் பேரீச்சை ஓலையைப் பரப்பினார்கள். எல்லாம் முடிந்தபோது அது கவிழ்த்து வைத்த ஒரு பெரிய கூடைபோல மொட்டையாக நின்றது.

மார்ச் பிறப்பதற்குள் துளிர்த்துவிட்டது. ஜெபராணி தினமும் டூட்டிக்குப் போகும் முன் புதுத் தளிர்களைக் கூடைக்குள் செருகிவிட்டுப் போனாள். நீளவிட்டால் வெளியே பாய்ந்துவிடும், செருகச் செருகத்தான் சுவர் அடையும் என்று ரெஷ்மா சொல்லியிருந்தாள். சித்திரை வெயில் ஏறும்போது உள்ளே உட்கார்ந்தால் முகத்தில் பச்சை நிழல் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து பிள்ளையின் படம் வந்தது. மூன்று வயசுப் பையன். பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவனை யாரோ போலீசில் ஒப்படைத்திருக்கிறார்கள். எங்கெங்கோ விசாரித்தும் உறவென்று யாரும் வரவில்லை. இல்லத்தில் அவனுக்கு மணிகண்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் நாகவள்ளி அம்மா ஒருநாள் வீடியோவில் அவனைக் காட்டினார். பையன் இவர்களைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வசிங் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை.

ஜெபராணி சட்டென்று போனோடு தோட்டத்துக்கு ஓடினாள். கூடைக்குள் நுழைந்து, இலைகளுக்கு நடுவே போனைச் சுற்றிக் காட்டினாள்.

பையன் திரும்பினான். திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

"காடு" என்றான்.

அந்த ஒரு சொல்தான். நாகவள்ளி அம்மாவே ஆச்சரியப்பட்டார். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லையாம். அதற்குப் பிறகு பல நாள் ஜெபராணி வார்டில் ஊசி போடும்போதும் மாத்திரை எடுத்து வைக்கும்போதும் காரணமில்லாமல் சிரித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஜூனில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்துப் பச்சை வலை கட்டினார்கள். கருகல் நிற்கவில்லை. ஜெபராணி காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டாள். விட விட மோசமானது. ஒருநாள் மாலை செல்வசிங் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. லாரிக்காரன் கெணத்துத் தண்ணிய ஊத்திட்டுப் போயிருக்கான். நீ விடுதது தண்ணி இல்ல ராணி, உப்பு."

அவள் அப்படியே ஓலைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அவன் வரும்போது வெறும் குச்சியா நிக்குமா?"

செல்வசிங் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் ஏசி டெக்னீஷியன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கொஞ்சம் குழாய் கொண்டுவந்தார். வீட்டின் ஏசிகளிலிருந்து சுவரோரம் வீணாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்தார். அந்தக் குழாயைக் கூடையைச் சுற்றி வளையமாகப் படுக்கவைத்து, அடிக்கு ஒரு துளை போட்டார். அந்தத் தண்ணீரில் உப்பு கிடையாது. வெயில் ஏற ஏற ஏசி ஓடும், ஏசி ஓட ஓடத் தண்ணீர் சொட்டும். ஜூலையின் புழுக்கத்தில், ஊரே வாடிக்கிடக்கும்போது, கூடை புதிதாகத் துளிர்த்தது.

அவர் மாறியதும் அப்போதுதான். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குனிந்து உட்காருவார். பிள்ளையின் கண்ணில் குத்தும் என்று கம்புகளின் கூர்முனைகளைத் தேடித்தேடி நறுக்கினார். "மணிக்கு இந்த எடம் ஒசரமா இருக்கும், இல்லியா?" என்று கேட்பார். ஒருநாள், யார் சொன்னாலும் பிள்ளைக்கென்று எதையும் வாங்க மாட்டேன் என்றிருந்த மனிதர், சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூவாளி வாங்கிவந்தார். ஜெபராணி பார்த்தாள். அதை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள்.

ஆகஸ்ட்டில் அவள் காலை டூட்டியில் இருந்தபோது நாகவள்ளி அம்மா கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்தது.

"ஜெபராணி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. அவனோட அம்மா வந்துட்டாங்க."

பிரசவத்திலிருந்தே மனம் கலங்கித் தேறாமல் இருந்த பெண். எங்கே போகிறோம் என்று தெரியாமல் பிள்ளையோடு பஸ் ஏறி, எங்கோ இறங்கி, பிள்ளையை விட்டுவிட்டாள். அவளை வேறொரு ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குணமாகித் தெளிந்த நாளிலிருந்து பிள்ளையைத் தேடி, அண்ணனைக் கூட்டிக்கொண்டு இல்லம் இல்லமாக ஏறி இறங்கியிருக்கிறாள். பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது. அவன் அவள் பிள்ளைதான்.

ஜெபராணி மருந்து அறையின் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவன் அவளை அடையாளம் கண்டானாம்மா?"

"மொதல்ல இல்ல. தள்ளித் தள்ளிப் போனான். அப்புறம் அவ தம்புன்னு கூப்பிட்டா. சட்டுன்னு திரும்பிப் பாத்தான். நாங்க வச்ச பேருக்கு அவன் ஒருநாளும் அப்படித் திரும்பினதில்ல."

"அது போதும்மா" என்றாள் ஜெபராணி. "நல்லது. நல்லா இருக்கட்டும்."

செல்வசிங்குக்குப் போனில் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். டூட்டி முடியும்வரை எல்லா வேலையும் சரியாகச் செய்தாள்.

மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது செல்வசிங்கின் வண்டி வாசலில் நின்றது. அவர் கொதிக்கிற வெயிலில், நனைந்து ஒட்டிய சட்டையோடு, தோட்டத்தில் செடி வெட்டும் கத்தரியோடு நின்றார். கூடையின் ஒரு பக்கத்தை அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தார். இலைகள் அதற்குள் சுருண்டிருந்தன.

அவள் பக்கத்தில் போய்க் கத்தரியை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"எனக்கு இதப் பாக்க முடியல ராணி."

"அவன் செத்துப்போகல. அவன் அம்மாட்ட போயிருக்கான்."

"தெரியும்" என்றார் அவர். "அதனாலதான் அழக்கூட முடியல. யாருக்குன்னு அழுறது? அவ பெத்தவ. அவளுக்குக் கெடச்சிருக்கான். அதுல நான் எதுக்கு அழணும்?"

அவள் அவர் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார். பிறகு அழுதார். அவளும் அழுதாள்.

அதற்கப்புறம் யாரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. குழாயை மட்டும் யாரும் கழற்றவில்லை. அது பாட்டுக்குச் சொட்டியது. வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளிலிருந்து முன்னைவிடத் தடியாகத் தளிர்கள் கிளம்பின. செருகிவிட ஆள் இல்லாததால் அவை நாலாபக்கமும் தெறித்து நின்றன. ஹமூத் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

நவம்பரில் நாகவள்ளி அம்மா மறுபடி கூப்பிட்டார். சின்னப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது, பெரிய பிள்ளை என்றால் சம்மதமா என்று கேட்டார். எட்டு வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் ஜோதிமணி. தகப்பன் இல்லை. தாய் இவளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போனவள், சில வருஷத்தில் போனும் நின்றுபோனது. வளர்த்த சித்தியும் இறந்துவிட்டாள். பெரிய பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை என்றார்.

"எட்டு வயசுப் பிள்ள நம்மள அம்மா அப்பான்னு கூப்பிடுமா?" என்று ஜெபராணி அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

"கூப்பிடாட்டா என்ன, பேரச் சொல்லிக் கூப்பிடட்டும்" என்றார் செல்வசிங். "வீட்டுல ஒரு சத்தம் கேட்டாப் போதும்."

சட்டப்படி அந்த வயசுப் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். கேட்டதும் ஜோதிமணி சரி என்று சொல்லிவிட்டாளாம். "மத்த பிள்ளைங்க யோசிப்பாங்க, அழுவாங்க. இவ கல்ஃபுன்னு சொன்னதுமே கெளம்பிட்டா" என்றார் நாகவள்ளி அம்மா. அந்தப் பேச்சை ஜெபராணி ரெஷ்மாவிடம் சொன்னாள், ஆலயத்தில் சொன்னாள், ஹமூதின் மனைவியிடம் தெரிந்த அரபியில் சொன்னாள். ஒரு பிள்ளை தங்களிடம் வர யோசிக்கவே இல்லை என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நீதிமன்றமும் விசாவும் முடிந்து அவளைக் கூட்டிவர அடுத்த குளிர்காலம் ஆகிவிட்டது. ஜோதிமணி ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு இருந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் தூங்கினாள். அழவில்லை. மஸ்கட் விமான நிலையத்தில் எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் நின்று பார்த்தாள். புது இடம், மிரட்சி என்று ஜெபராணி நினைத்துக்கொண்டாள். சோஹாருக்கு வரும் வழியெல்லாம் வண்டிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து, பஸ் நிறுத்தங்களில் நின்றவர்களையும் அப்படியே பார்த்துவந்தாள்.

வந்த வாரத்தில் தோட்டத்துப் பக்கம் போனவள், காடாய் மண்டிக்கிடந்த கூடையின் முன்னால் நின்றாள்.

"இது என்னது?"

"வெளையாடுத வீடு" என்றாள் ஜெபராணி. "வளருத மரத்துலயே கட்டுனது."

"யாருக்குக் கட்டுனீங்க?"

ஜெபராணி ஒரு நிமிஷம் தயங்கினாள். உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"உனக்கு முன்னால ஒரு தம்பி வாறதா இருந்துது. அவனுக்கு. அப்புறம் அவனத் தேடி அவன் அம்மா வந்துட்டாங்க. அவங்ககூடப் போயிட்டான்."

ஜோதிமணி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தேடி வந்தாங்களா? எத்தினி நாள் கழிச்சு?"

"ரொம்ப நாள் கழிச்சு."

பிள்ளை ஒரு தளிரைப் பிடித்து இழுத்தாள். பிறகு கேட்டாள். "இது துபாய்தானே?"

"இல்லம்மா. இது ஓமன். சோஹார்."

"துபாய் எங்க இருக்கு?"

"அது வேற நாடு. வண்டியில போகலாம், எல்லை தாண்டிப் போகணும். ஏன் மக்கா?"

"எங்கம்மா துபாய்ல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. பேரு வடிவு. கல்ஃபுன்னு சொன்னாங்க, அதான் வரேன்னு சொன்னேன்."

ஜெபராணி பக்கத்திலிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது எதுவென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பிள்ளை பயத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்பதுபோல. ஜெபராணி குனிந்து அவள் சடையை முதுகுப்பக்கம் எடுத்துப் போட்டாள்.

"சரி" என்றாள். 

செல்வசிங் வேலையிலிருந்து வந்ததும் அடுக்களையில் வைத்துச் சொன்னாள். அவர் கைகழுவிக்கொண்டே கேட்டார். குழாயை மூட மறந்து நின்றார்.

"திரும்பவுமா ராணி?" என்றார் கடைசியில்.

"திரும்பவும்தான். ஆனா அந்தப் பெண்ண நாம தேடாம இருந்தா, இவ தேடுவா. வழியில போற ஆளுக மொகத்த எல்லாம் பாத்துக்கிட்டே வளருவா."

அவர் குழாயை மூடினார். பிறகு போனை எடுத்தார். துபாயில், பர் துபாய்ப் பக்கம் முன்பு அவரோடு வேலை பார்த்த பாலமுரளி இருந்தான். அங்கே தமிழ் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி, விசா என்று ஓடி உதவுகிற ஒரு கூட்டத்தில் அவனும் ஒருவன். அவனிடம் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். பேசி முடித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிமணியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மக்கா, ஒங்க அம்மாவப் பத்தித் துபாய்ல கேக்கச் சொல்லியிருக்கேன். கெடைப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா கேப்பேன். திரும்பத் திரும்பக் கேப்பேன்."

பிள்ளை தலையாட்டினாள். "கெடைச்சா இங்க வருவாங்களா?"

"வரச் சொல்லுவோம்."

ஜெபராணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வடிவு கிடைக்கட்டும் என்றும், கிடைக்காமல் போகட்டும் என்றும் ஒரே மூச்சில் அவள் மனம் ஜெபித்தது. இரண்டையும் கர்த்தர் கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டில் எதையும் அவளால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வாரங்கள் போயின. பாலமுரளி இரண்டு முறை கூப்பிட்டான், இரண்டு முறையும் ஒன்றுமில்லை. ஜோதிமணி பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஜெபராணியை அக்கா என்று கூப்பிட்டாள். செல்வசிங்கை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் வந்து நின்று பேசினாள். பள்ளி விட்டு வந்ததும் நேராகத் தோட்டத்துக் கூடைக்குள் போய்விடுவாள். உள்ளே அவள் விளையாடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செல்வசிங் நெடுநாளாய் விட்டுப்போன தளிர்களைப் பின்னிச் செருகிக்கொண்டிருந்தார். ஜோதிமணி உள்ளேயிருந்து சொன்னாள்.

"இந்தப் பக்கம் மட்டும் அடைக்காதீங்க."

"ஏன்?"

"வாசக் கேட்டு தெரிய மாட்டேங்குது."

அவர் கை நின்றது. அந்தப் பக்கம் தெருவாசல் இருந்தது. யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து வீட்டுக்குள் போய் ட்யூப் வாரும் கத்தரியும் எடுத்துவந்தார்.

"ராணி, கொஞ்சம் வந்து பிடி."

ஜெபராணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயம் என்னவென்று அவர் சொன்னார். அவள் மண்ணில் மண்டியிட்டு, இரண்டு தடித்த கம்புகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள். பச்சைக் கம்பு, வளைந்து கொடுத்தது, ஆனால் கையை எதிர்த்து இழுத்தது. அவர் நடுவே வளர்ந்திருந்த தளிர்களை ஒவ்வொன்றாக நறுக்கி, விலகிய கம்புகளை அப்படியே நிற்கும்படி மேலும் கீழும் இறுக்கிக் கட்டினார். "ஒசரம் சரியா பாரு" என்றார். ஜோதிமணி உள்ளேயிருந்து முகத்தை வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கீழே வேண்டும் என்றாள். அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இப்ப?"

"இப்பத் தெரியுது."

வேலை முடிந்தும் ஜெபராணி எழவில்லை. "நானும் உள்ள வரட்டா?" என்று கேட்டாள். பிள்ளை ஓலைமேல் நகர்ந்து இடம் விட்டாள். அவள் குனிந்து உள்ளே போய் அருகில் உட்கார்ந்தாள். செல்வசிங் வெளியே, அந்தப் புது ஜன்னலுக்குப் பக்கத்தில், கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைத் தெரு அமைதியாக இருந்தது. ஒரு டாக்சி மெதுவாக வந்து, கேட்டுக்கு நேரே வேகம் குறைந்து, பிறகு நிற்காமல் போனது. அது திருப்பத்தில் மறையும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.